பரிசு இருக்கிறது, படம் இல்லை

ஹாலிவுட்டில் சிறந்த நடிகருக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட அகாடமிப் பரிசு எமில் ஜானிங்ஸ் என்ற ஜெர்மானிய நடிகருக்குக் கிடைத்தது. 1929-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி விருந்து வைத்துப் பரிசளித்தார்கள். ஜானிங்ஸோ அதற்கு முன்பே தங்கப் பதுமையைப் பெற்றுக்கொண்டு தாய்நாடு திரும்பிவிட்டார். பேசும் படம் வந்துவிட்ட பிறகு அவருடைய ஜெர்மன் வாடை வீசும் இங்கிலீஷுக்கு அங்கே இடமில்லை.

இரண்டு படங்களுக்காக அவருக்கு அந்தக் கௌரவம். ஒன்று 'தி லாஸ்ட் கமாண்ட்'. அதை இன்றும் பார்க்கலாம். மற்றொன்று, விக்டர் ஃபிளெமிங் டைரக்ட் செய்து 1927-ல் பாரமவுண்ட் கம்பெனி வெளியிட்ட 'தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்'. மாம்சமெல்லாம் போகும் வழி என்பது பொருள். படமும் அவ்வழியே போய்விட்டது. இரண்டு சிறு துண்டுகளே மிச்சம்.

கதையைக் கேட்டால் இழப்பின் அளவு விளங்கும். மில்வாக்கி நகரத்துப் பாங்கியில் ஆகஸ்ட் என்ற நாணயமான சிப்பந்தி. மனைவி, மக்கள் என்று நிறைந்த குடும்பம். கடன் பத்திரங்களைச் சிக்காகோவில் சேர்ப்பிக்க ரயிலேறுகிறான். வழியில் ஒருத்தியின் மையலில் சிக்கிப் பத்திரங்களைப் பறிகொடுக்கிறான். அவனைத் தண்டவாளத்தருகே இழுத்துச் சென்று உடைமைகளைப் பறிக்கும் திருடன், கைகலப்பில் ரயிலில் அடிபட்டு இறக்கிறான். இறந்தவன் ஆகஸ்டே என்று ஊரார் நம்பி, கள்வரோடு போராடி மாண்ட வீரன் என்று பத்திரிகைகளில் புகழ்கிறார்கள். இனி எந்த முகத்தோடு வீடு திரும்புவான்? இருபது வருஷங்களுக்குப் பின், பூங்காவில் குப்பை பொறுக்கும் கிழவனாக, தன் கல்லறைக்குத் தன் குடும்பமே மலர்வளையம் சாத்துவதைக் காண்கிறான். பிரபல வயலின் வித்துவானாகிவிட்ட மகன், தகப்பனென்று அறியாமல் ஒரு டாலர் தருமம் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொண்டு போகிறான் ஆகஸ்ட். சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எவருக்கும் நெஞ்சு கலங்காதா? இத்தனையையும் ஒரு வார்த்தை பேசாமல் ஜானிங்ஸ் நடித்துக் காட்டினார்.

1940-ல் அதே கம்பெனி அகிம் தாமிரோஃபைக் கொண்டு இக்கதையைப் பேசும் படமாக எடுத்தது. புதியது கைக்கு வந்தபின் பழைய பிலிமுக்கு மதிப்பேது? அக்காலத்துப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. தீப்பற்றினால் தண்ணீராலும் அணையாது. தீயில்லாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். போதாக்குறைக்கு, அதிலுள்ள வெள்ளிக்காகவே பழம் படங்களைக் கரைத்தார்கள். 1937-ல் நியூ ஜெர்ஸிக் கிடங்கொன்றில் மூண்ட தீயில் ஃபாக்ஸ் கம்பெனியின் ஊமைப் படங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனால், தீயைக் காட்டிலும் அசட்டையே பெரிய குற்றவாளி என்பது நம் அபிப்பிராயம். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான சுமார் 11,000 முழுநீளப் படங்களில், நூற்றுக்குப் பதினான்குதான் மூல வடிவில் முழுமையாக இருப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்கிட்டது.

எனினும் ஓர் ஆறுதல். ஃபாக்ஸ் கம்பெனி அதே 1927-ல் வெளியிட்ட, ஜான் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' என்ற படமும் அழிந்ததென்றே எண்ணியிருந்தார்கள். 2009-ல் அதன் பிரதி நியூசிலாந்தில் அகப்பட்டது. கப்பல் கூலி கொடுத்துத் திருப்பியனுப்ப மனமின்றி, தூரதேசங்களில் அப்படிப் போட்டுவைத்த பெட்டிகள் பல. அவற்றில் ஏதேனும் ஒன்றில் மில்வாக்கிச் சிப்பந்தியும் இருக்கக்கூடும்.