இரவு பத்து மணிக்கு அலறும் ஜன்னல்கள்!

இரவு மணி பத்து. ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஃப்ளோக்ஸ்தா என்ற மாணவர் குடியிருப்பு. எங்கோ ஒரு ஜன்னல் திறக்கிறது. யாரோ அடிவயிற்றிலிருந்து ஓவென்று அலறுகிறார். எதிர்க் கட்டடத்திலிருந்து இன்னொரு அலறல். அப்புறம் இன்னும் நாலைந்து. சற்று நேரத்தில் ஜன்னல்கள் மூடிக்கொள்ள, மறுபடி நிசப்தம்.

அன்று காலைதான் விமானத்திலிருந்து இறங்கியவருக்குக் கை, கால் உதறும். பயப்பட ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம் இது. பாடச் சுமை, தனிமை என்று மனதில் அடைந்து கிடப்பதையெல்லாம் மாணவர்கள் கத்தித் தீர்க்கிறார்கள்.

உப்சாலா பல்கலைக்கழகம் 1477-ல் தொடங்கப்பட்டது. நார்டிக் நாடுகளிலேயே மிகப் பழையது. வெப்பத்தை அளக்க நாம் சொல்லும் ‘செல்சியஸ்’, இங்கே பேராசிரியராக இருந்தவரின் பெயர்தான். முதுநிலைப் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஆனால், 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டும். பெரிய தொகையைக் கட்டிவிட்டு வருபவருக்குப் பரீட்சை பயம் இருப்பது இயல்பு. முதல் சில மாதங்களில் அவரைப் படுத்துவதோ வேறு சங்கதிகள்.

முதலில் எண்!

ஓராண்டோ அதற்கு மேலோ தங்குபவர்கள் வரித்துறை அலுவலகத்தில் பதிவு செய்து, தனிநபர் எண் வாங்க வேண்டும். நம்மூர் ஆதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, செல்போனில் அடையாளம் காட்டும் ‘பேங்க்-ஐடி’, நம் ஜி-பே போன்ற ‘ஸ்விஷ்’ என ஒவ்வொன்றும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பல கடைகளில் ரொக்கமே வாங்கமாட்டார்கள். எண் கைக்கு வரும்வரை ஊரிலிருந்து கொண்டுபோன சர்வதேச கார்டுதான் துணை. வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

‘சார்’ கிடையாது

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு நாக்கு எழும்பாது. ஆனால், அங்கே அதுதான் மரியாதை. பத்து மணி வகுப்பு, பழைய வழக்கப்படி பத்தேகாலுக்குத் தொடங்கும். வாரத்துக்குச் சில மணி நேரம்தான் வகுப்பு இருக்கும். ‘அப்பாடா, ஜாலி!’ என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். மீதி நேரமெல்லாம் தானே படிக்க வேண்டும் என்பது கணக்கு. பல துறைகளில் ஒரு பாடத்தை நாலைந்து வாரத்தில் முடித்து, உடனே தேர்வும் வைத்துவிடுவார்கள்.

‘ஏன் படிக்கவில்லை?’ என்று யாரும் துரத்தமாட்டார்கள். புரியவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினால் உதவுவார்கள். தேர்வில் தவறினால் மறுதேர்வு உண்டு. அதை யாரும் அவமானமாகப் பார்ப்பதில்லை. ஆனால், விசாவை நீட்டிக்கும்போது படிப்பில் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சமையலறை நட்பு

ஃப்ளோக்ஸ்தாவில் ஒரு தாழ்வாரத்தில் வசிப்பவர்கள் அனைவருக்கும் ஒரே சமையலறை. தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட மறந்தால் தீ எச்சரிக்கை மணி அலறி, எல்லோரையும் ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்திவிடும்! துணி துவைக்க முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் நேரத்தில் கை வைத்தால், சுவரில் கோபமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

ஸ்வீடன்காரர்கள் தாமாக வந்து பேசுவது குறைவு. அது கர்வமல்ல, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம். ‘ஃபீகா போகலாமா?’ என்று நாம் கேட்டால் மலர்ந்துவிடுவார்கள். ஃபீகா என்றால் காபியும் பட்டை போட்ட பன்னும், கூடவே பேச்சும். உப்சாலாவில் ‘நேஷன்’ எனப்படும் 13 மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. மதிய உணவு, பாட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள். அங்கே ஒருநாள் பாத்திரம் கழுவப் போனால், பத்துப் பேரின் பெயர் தெரிந்துவிடும்.

மூன்று மணிக்கு இருட்டு

டிசம்பரில் சூரியன் ஒன்பது மணியை ஒட்டித்தான் எழும். மூன்று மணிக்குள் மறைந்துவிடும். சென்னையில் இரவு எட்டு மணிக்கு அம்மா வீடியோ அழைப்பில் வரும்போது, அங்கே பிற்பகல் மூன்றரை. பிள்ளையின் ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருக்கும். புதியவர்கள் பலர் சோர்ந்துபோவது இந்த மாதங்களில்தான். வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் நடந்துவிட்டு வருவது உதவும். மனம் ரொம்பவும் கனத்தால், மாணவர் நலப் பிரிவில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. டிசம்பர் 13-ல் லூசியா திருநாள். வெள்ளை உடையில் மெழுகுவத்தி ஏந்திப் பாடிக்கொண்டு வருவார்கள். குங்குமப்பூ பன் தருவார்கள். ஏப்ரல் 30-ல் மாணவர்கள் தாங்களே செய்த மிதவைகளில் ஃபூரிஸ் ஆற்றில் இறங்கி வசந்தத்தை வரவேற்பார்கள். ஊரே கரையில் நிற்கும்.

முதல் நாள் அலறலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியவர்கள், அதற்குள் தாங்களும் கத்தப் பழகியிருப்பார்கள்.

பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர் தினமும் கேட்பது ‘சாப்பிட்டியா?’ என்றுதான். அதோடு ‘இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.