நெடுந்தூரத்துக்கு எந்த மட்டை?

2009 ஆகஸ்ட். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டைன் மைதானத்தில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டி கடைசிக் குழிக்கு வந்துவிட்டது. தென்கொரியாவின் ஒய்.இ. யாங், டைகர் உட்ஸைவிட ஒரே ஒரு அடி முன்னிலையில் இருக்கிறார். கொடிக்கு இன்னும் 206 கஜம், அதாவது 188 மீட்டர். இடையில் ஒரு மரம். யாங் தன் பையிலிருந்து ‘ஹைப்ரிட்’ மட்டையை உருவினார். பந்து மரத்தைத் தாண்டி எழும்பி, கொடிக்கு மிக அருகில் போய் நின்றது. உலகின் நான்கு பெரும் கோல்ஃப் போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் ஆசிய ஆண் வீரர் ஆனார் யாங்.

அதைவிட நீண்ட மட்டைகளும் கோல்ஃபில் உண்டு. அவை இருக்க ஹைப்ரிட் எதற்கு? விடையைத் தேடிப் போனால், அரை மில்லி நொடியில் நடந்து முடியும் ஓர் இயற்பியல் நாடகம் கண்முன் விரிகிறது.

ஒரு வீரர் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அவற்றில் தொலைதூரத்துக்கு உரியவை நான்கு வகை: டிரைவர், ஃபேர்வே வுட், ஹைப்ரிட், நீண்ட அயர்ன். இவற்றைப் பிரிக்கும் முதல் அளவு சாய்கோணம். மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது என்பதே அது. டிரைவரில் 10 டிகிரி போல இருக்கும். 3 எண் வுட்டில் 15. ஹைப்ரிட்டிலும் நீண்ட அயர்னிலும் 20 டிகிரியை ஒட்டி வரும். தண்டின் நீளமும் இதே வரிசையில் 45 அங்குலத்திலிருந்து 39 வரை குறைகிறது. தண்டு நீண்டால் வட்டம் பெரிதாகும், நுனியின் வேகம் கூடும். தொழில்முறை வீரரின் டிரைவர் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். 3 எண் அயர்ன் 160-ஐ நெருங்கும்.

மோதலைப் பாருங்கள். பந்தின் எடை 46 கிராம்தான். அரை மில்லி நொடிக்குள் அது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றாக வேண்டும். கணக்குப் போட்டால், அந்தக் கணத்தில் பந்தின் மீது விழும் சராசரி விசை சுமார் 700 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறிய காரை அப்படியே பந்தின் மேல் வைத்தது போல! பந்து நசுங்கி, விரிந்து, பறக்கிறது. நசுங்கும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகும். அதைக் குறைக்கவே டிரைவரின் டைட்டானியம் முகத்தை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனில் செய்கிறார்கள். மெல்லிய முகம் உள்வாங்கித் திரும்பும். பந்து அவ்வளவு நசுங்க வேண்டியிருக்காது. எவ்வளவு உள்வாங்கலாம் என்பதற்கும் விதியில் வரம்பு உண்டு.

அடுத்த அதிசயம் காற்றில் நிகழ்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில், 270 கிலோமீட்டர் வேகத்தில் 11 டிகிரி கோணத்தில் எழும் பந்து 215 மீட்டரில் விழுந்துவிடும். ஆனால் நம் காற்றில், அதன் இழுவையையும் மீறி, 250 மீட்டர் பறக்கிறது! சாய்ந்த முகம் பந்துக்குக் கொடுக்கும் பின்சுழற்சிதான் காரணம். பந்தின் மேற்பகுதி வீரரை நோக்கிச் சுழல்வதால், அது காற்றைக் கீழே தள்ளுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தாங்குகிறது. 1890களில் இதை விளக்கியவர் எடின்பரோ இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் அக்காலத்தின் சிறந்த கோல்ஃப் வீரர்களில் ஒருவர்.

சாய்கோணம் கூடினால் சுழற்சியும் கூடும். தொழில்முறை வீரர்களிடம் டிரைவர் அடித்த பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,600 முறை சுழல்கிறது. 3 எண் வுட் அடித்தது 3,600 முறை. 3 எண் அயர்ன் அடித்தது 4,500 முறை. இதன் பலன் இறங்கும்போது தெரியும். டிரைவர் பந்து தரையோடு 38 டிகிரி போலச் சாய்ந்து இறங்கி உருண்டோடும். ஹைப்ரிட் பந்து 47 டிகிரி அளவில் இறங்கி விரைவில் அடங்கும். கொடியைச் சுற்றியுள்ள சிறிய புல்தரையான கிரீனில் பந்து நிற்க வேண்டுமானால் இந்த 9 டிகிரி பெரிய வித்தியாசம்.

டிரைவரின் முகத்தை உற்றுப் பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும்: அது சற்றே புடைத்திருக்கிறது. பெரிய தலையின் ஈர்ப்பு மையம் முகத்துக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. எனவே வலக்கை வீரர் முகத்தின் வெளிநுனியில் அடித்துவிட்டால், தலை ஒரு பக்கம் திரும்பும். உரசும் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். பற்சக்கர விளைவு என்பது இதன் பெயர். புடைப்பு பந்தை வலப்பக்கமாகக் கிளப்புகிறது. அந்தச் சுழற்சி அதை இடப்பக்கம் வளைத்து நடுவுக்குக் கொண்டுவருகிறது. பிசகிய அடியை மட்டையே திருத்துகிறது! அயர்னில் ஈர்ப்பு மையம் முகத்தை ஒட்டியே இருப்பதால் அதன் முகம் தட்டை.

இவ்வளவு இருந்தும் டிரைவரின் அரசாட்சி ‘டீ’ எனும் சிறு முளையோடு முடிகிறது. அதன் முகம் பந்தைவிட உயரம். பந்து தரையில் கிடந்தால் முகத்தின் கீழ்ப்பகுதியில்தான் படும். தாழ எழுந்து, தேவைக்கு மேல் சுழன்று, தூரத்தை இழக்கும். ஃபேர்வே வுட்டின் தலை தட்டையானது. வெட்டிய புல்லில் கிடக்கும் பந்துக்கு அது பொருத்தம். புல் அடர்ந்தால் ஹைப்ரிட். அயர்னில் தண்டு தலையோடு சேரும் கழுத்தைப் புல் சுற்றி இழுக்கும். ஹைப்ரிட்டின் உருண்டை அடிப்பாகம் வழுக்கிச் செல்லும். எடையும் அடியில் குவிந்திருப்பதால் பந்து எளிதாக எழும்பும்.

வேகம் குறைந்தவர்களுக்கு இது பெரிய வரம். மெதுவாகச் செல்லும் பந்தைக் காற்று குறைவாகவே தாங்கும். அதை ஈடுகட்டக் கூடுதல் சாய்கோணம் வேண்டும். அதனால்தான் மிதமாக வீசுபவர் 9 டிகிரி டிரைவரைவிட 12 டிகிரி டிரைவரில் அதிக தூரம் காண்கிறார். நீண்ட அயர்னை விட்டு ஹைப்ரிட்டுக்கு மாறியதும் அவர் பந்து உயர்கிறது.

அப்படியானால் நீண்ட அயர்னுக்கு இடமில்லையா? 2006ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாய்லேக் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டியைப் பாருங்கள். வெயிலில் காய்ந்து இறுகிய தரை. ஆங்காங்கே ஆழமான மணற்குழிகள். அங்கே தாழப் பறக்கும் பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். டைகர் உட்ஸ் 2 எண் அயர்னை நம்பினார். 72 குழிகளில் டிரைவரை எடுத்தது ஒரே ஒரு முறை. இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். பந்து எங்கே கிடக்கிறது, எப்படிப் பறக்க வேண்டும், விழும் இடத்தில் தரை என்ன செய்யும் என்ற மூன்றையும் எடைபோட்டவருக்கே நெடுந்தூரம் வசப்படுகிறது.