ஒரே குற்றம், இரு தண்டனைகள்: நீதிபதி எதைப் பார்க்கிறார்?

வத்தளையில் எங்கள் ஒழுங்கையில் வழக்குப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "ரெண்டு பேரும் செய்தது ஒரே களவுதானே? அவனுக்கு மட்டும் ஏன் மறியல்?" காசு, செல்வாக்கு என்றுதான் உடனே விடை வரும். அவை இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டமே இடம் தரும் வேறுபாடும் உண்டு.

குற்றவாளி எனத் தீர்மானித்த பிறகே எவ்வளவு தண்டனை என்ற கேள்வி எழுகிறது. தண்டனைச் சட்டக்கோவை பெரும்பாலும் உச்ச அளவையே சொல்கிறது. அதற்குள் எங்கே நிற்பது என்பது நீதிபதியின் தற்றுணிபு. பொதுமக்களின் பக்கமிருந்தும் குற்றவாளியின் பக்கமிருந்தும் தண்டனையைப் பார்க்க வேண்டும் என்று 1950களிலேயே நீதியரசர் பஸ்நாயக்க சொல்லிவிட்டார்.

ஆயுதம், முன்கூட்டிய திட்டம், நம்பிக்கைத் துரோகம், பழைய குற்றங்கள் ஆகியவை தண்டனையைக் கூட்டும். இளவயது, முதற்குற்றம், நேரத்தோடு குற்றத்தை ஒப்புக்கொண்டமை, இழப்பீடு கொடுத்தமை ஆகியவை குறைக்கும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, சிறைத்தண்டனையை ஒத்திவைக்கும்போது இவ்வாறான காரணிகளைக் கவனிக்கச் சொல்கிறது. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனையை ஒத்திவைக்க முடியாது.

சில இடங்களில் பாராளுமன்றம் நீதிபதியின் கையைக் கட்டியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம், 18 வயதுக்குக் குறைந்த பெண்ணைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியவருக்குக் குறைந்தது பத்து வருடம் என விதித்தது. சம்மதம் இருந்தாலும் 16 வயதுக்குட்பட்டவர் என்றால் அது வல்லுறவே. ஆகவே காதலித்து ஓடிப்போன இளைஞனும் கொடூரமாகத் தாக்கியவனும் ஒரே பத்து வருடத்தில் நிற்க நேரலாம். அநுராதபுரம் மேல் நீதிமன்றம் அனுப்பிய வினாவுக்கு 2008இல் உயர் நீதிமன்றம் பதிலளித்தது: அந்தக் கட்டாயக் குறைந்தபட்சம் அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) உறுப்புரைகளுக்கு முரணானது, நீதிபதி பொருத்தமான தண்டனையை விதிக்கலாம்.

இந்தத் தற்றுணிபில் ஆபத்தும் உண்டு. குற்றவாளியின் கதை மட்டும் மன்றில் ஒலித்தால் பாதிக்கப்பட்டவர் மறைந்துபோவார். அதனால்தான் தண்டனைக்கு முன், குற்றம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று சொல்லும் உரிமையைப் பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டம் 2015இல் வழங்கியது.

எனக்குள்ள கவலை வேறு. சொல்லப்படாததை நீதிபதி அறியமாட்டார். நோய்ச் சான்றிதழ், வேலைக் கடிதம், இழப்பீடு கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் வீட்டு அலுமாரியில் கிடந்தால் பயனில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர், மன்றின் மொழி விளங்காதவர், தன் பக்க நியாயத்தைச் சொல்லாமலே தண்டனை பெறுகிறார். தீர்ப்பு நாளுக்கு முன்பே இவற்றைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.