குழந்தையின் க்ஷேமமும் தாய் சேய் நல அட்டையும்

குழந்தை சிரித்து விளையாடுகிறது, ஆகையால் குறையொன்றுமில்லை என்று பெற்றோரும், பதிவேட்டில் எடை ஏறிவிட்டது, ஆகையால் கடமை முடிந்தது என்று அதிகாரிகளும் நிம்மதியடைந்து விடுவதால், காலத்தில் கவனித்திருந்தால் எளிதில் தேறியிருக்கக்கூடிய சிசுக்கள், ஜுரமும் வயிற்றுப்போக்கும் கண்டு உருகிய பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுவதை மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

குழந்தையின் க்ஷேமம் எடையில் மட்டும் அடங்குவதன்று. பேச்சும் நடையும் உற்சாகமும் அதன் அங்கங்களே. ஆயினும் அபாயத்தைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் மாதந்தோறும் எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையிலுள்ள வரைபடத்தில் புள்ளியிட்டு, முந்தைய புள்ளியோடு இணைக்க வேண்டும். புள்ளி, இயல்பான எடையைக் குறிக்கும் பச்சைப் பகுதியில் இருந்தால் மட்டும் போதாது. கோடு மேலேறாமல் படுத்துவிட்டால், பச்சைக்குள்ளேயே இருந்தாலும் அது எச்சரிக்கைதான்.

தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, கனத்த உடுப்பு கழற்றப்பட்டதா, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தே நீளம் அளக்கிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள். வயதைக் குறைத்து எழுதினால் மெலிந்த குழந்தையும் பச்சையில் விழும். ஆதலால் பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள். தராசில் ஏற்றாமலே, சென்ற மாதத்து எடையோடு இருநூறு கிராம் கூட்டி எழுதிவிடும் வழக்கம் சில மையங்களில் உண்டு. அதை மன்னிக்கவே கூடாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், இரு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தியெடுத்தபின் குழி மாறாது நின்றாலும், அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளம். "எங்கள் வம்ச வாகே ஒல்லி" என்று சொல்லிக்கொண்டிராமல், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரப்பட வேண்டுமென்பதும், ஊட்டம் குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து உணவளிப்பது மாநில அரசின் கடமை என்பதும் 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5, 6-ஆம் பிரிவுகள் விதிப்பவை. தயவு தாட்சண்யம் அன்று. எடை பார்க்கவோ உணவு தரவோ மறுத்தால், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மையத்தின் எண், எந்தெந்த மாதம் என்ன தவறியது என்ற விவரம் ஆகியவற்றை எழுதி, அட்டையின் நகலை இணைத்து, வட்டாரத்திலுள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, இரண்டாம் பிரதியில் தேதியுடன் முத்திரை பெறுங்கள். "சொல்லிவிட்டோம், பார்த்துக்கொள்வார்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள். முத்திரையில்லாத மனு கொடுக்கப்படாத மனுவே. அங்கும் பயனில்லையேல், அதே பிரதியுடன் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குச் செல்லலாம். அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட மாவட்டக் குறைதீர் அலுவலருக்கும் எழுதலாம்.

அசல் அட்டையை மட்டும் எந்த அலுவலகத்திலும் விட்டுவராதீர்கள். மீண்டும் சொல்கிறேன்: நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டுவாருங்கள், மனு நிலுவையில் இருக்கும் மாதங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, அதே அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.