ஒரு பட்டம் இருக்க, இன்னொரு பட்டம் எதற்கு?



ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் நம் அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளும் பெற்றோரும் கல்வி உதவி விண்ணப்பத்தோடு வருவார்கள். சில ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தில் வேறு சில முகங்களையும் பார்க்கிறோம். வளைகுடாவில் பத்து ஆண்டு உழைத்துத் திரும்பிய சகோதரர், பழைய பி.காம். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பள்ளி செல்லும் மகனையும் கையில் பிடித்துக்கொண்டு வரும் சகோதரி. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, நான் மறுபடியும் காலேஜ் போய்ப் படிக்கலாமா?"

படிக்கலாம் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சுலபமாகச் சொல்லி நாங்கள் ஒருமுறை தவறு செய்தோம். அந்தத் தவறுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கணவரை இழந்த ஒரு சகோதரி. பி.காம். முடித்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் டியூஷன் எடுத்துப் பிள்ளைகளை வளர்த்து வந்தார். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்து ஆசிரியை ஆக நினைத்தார். நாங்களும் மகிழ்ந்து முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். இரண்டு ஆண்டு படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார். அதன் பிறகுதான், இளநிலையில் வணிகவியலும் முதுநிலையில் ஆங்கிலமும் படித்தவர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறமாட்டார் என்பது தெரிந்தது. அவருடைய இரண்டு ஆண்டும், நம் மக்கள் கொடுத்த பணமும் போயின. தொடக்கத்திலேயே கேட்டு விசாரிக்க வேண்டிய நாங்கள் விசாரிக்கவில்லை.

இன்னொருவருக்கு இப்படி நேரக்கூடாது என்பதற்காக, இரண்டாவது இளநிலைப் பட்டம் பற்றி நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

இது புதிய வழக்கம் அல்ல

அந்தக் காலத்தில் வக்கீல் வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று இருக்கும். அவை இரண்டுமே இளநிலைப் பட்டங்கள்தான். முதல் பட்டம் வாங்கிய பிறகே சட்டம் படிக்க முடியும் என்பது அப்போதைய முறை. பி.ஏ., பி.டி. என்று போட்டுக்கொண்ட ஆசிரியர்களும் அப்படியே.

நீதிபதி பாத்திமா பீவி அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். 1927ஆம் ஆண்டு பத்தனம்திட்டையில் ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் வேதியியலில் பி.எஸ்சி. முடித்தார். பிறகு தந்தையின் ஊக்கத்தால் அதே ஊர் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்து பி.எல். வாங்கினார். 1950 நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1989 அக்டோபர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். ஒரு பட்டம் இருக்கிறதே, போதும் என்று அவர் வீட்டில் நிறுத்தியிருந்தால் இந்த வரலாறு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய இரண்டாவது பட்டம் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்குக் கதவைத் திறந்தது. நாமும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

எப்போது இரண்டாவது இளநிலை தேவைப்படும்?

முதலாவது, ஒரு பட்டம் இருந்தால்தான் சேர முடியும் என்ற படிப்புகள். மூன்றாண்டு எல்.எல்.பி., இரண்டாண்டு பி.எட்., ஓராண்டு நூலக அறிவியல் பட்டம் ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு உங்கள் பழைய பட்டமே நுழைவுச் சீட்டு.

இரண்டாவது, பாடம் மாறவேண்டிய கட்டாயம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் பணி தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் பாடங்களுக்கு உரியது. பி.காம். மட்டும் படித்தவருக்கு அதில் இடம் இல்லை. அவர் ஆங்கில ஆசிரியர் ஆகவேண்டும் என்றால் பி.ஏ. ஆங்கிலத்தை மூன்று ஆண்டு முழுமையாகப் படித்து, அதன் பிறகு பி.எட். முடிக்க வேண்டும். மொத்தம் ஐந்து ஆண்டு.

ஆனால் ஆசிரியர் ஆவதற்கு அது ஒன்றுதான் வழியா? இல்லை. பி.காம். படித்தவர் எம்.காம். இரண்டு ஆண்டும் பி.எட். இரண்டு ஆண்டும் படித்தால் நான்கு ஆண்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் ஆசிரியராகும் தகுதி வரும். அங்கே இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் சொன்ன சகோதரிக்கு இந்த வழிதான் குறுகியது. அதை அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே எந்தப் பட்டம் என்று யோசிப்பதற்கு முன் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். சில நேரங்களில் இரண்டாவது இளநிலையே தேவைப்படாது.

மூன்றாவது, தொழிலையே மாற்றுவது. கணிதப் பின்னணியுள்ள பி.எஸ்சி. பட்டதாரிகள் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. மருத்துவத்துக்கான நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. ஆனால் இவை நீண்ட படிப்புகள். குடும்பச் செலவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஏமாறும் இடங்கள்

ஓராண்டில் இன்னொரு பட்டம் என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் ஒரே ஆண்டில் கூடுதல் பட்டம் வாங்கும் திட்டம் அது. இந்த ஓராண்டு இரட்டைப் பட்டம் ஆசிரியர் பதவி உயர்வுக்குச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவுக்காகப் படிப்பவருக்கு அது பயன்படலாம். அரசு ஆசிரியர் வேலையை நினைத்துப் படிப்பவர் மூன்று ஆண்டு பட்டத்தையே படிக்க வேண்டும்.

சட்டம், மருத்துவம், நர்சிங், பொறியியல் ஆகியவற்றைத் தபால் வழியில் படிக்க முடியாது. தபாலில் எல்.எல்.பி. வாங்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். அதேபோல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை வைத்துச் சட்டக் கல்லூரியில் சேரவும் இந்தியப் பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது.

தொலைநிலையில் பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர்கள், நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர்ந்தாலும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். இக்னோவின் பி.ஏ. போன்ற படிப்புகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. மூன்று ஆண்டு படிப்பை ஆறு ஆண்டு வரை முடிக்கலாம். கைக்குழந்தை உள்ள சகோதரிகளுக்கு இது பெரிய வசதி.

இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு அனுமதி அளித்தது. இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக்கூடாது. ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பார் கவுன்சிலும் பி.எட். படிப்புக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமும் தனி விதி வைத்திருக்கின்றன. அவற்றோடு வேறொன்றைச் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் முதலில் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பஸ்ஸும் வருகைப் பதிவும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் பிறகு கல்லூரிகள் நமக்குச் சற்று அருகில் வந்திருக்கின்றன. ஆனால் அரசு சட்டக் கல்லூரி என்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பவை விழுப்புரமும் சேலமும்தான். விழுப்புரம் கல்லூரி 2017இலும் சேலம் கல்லூரி 2019இலும் தொடங்கப்பட்டன. எந்தப் பக்கம் போனாலும் தினமும் பஸ்ஸில் பல மணி நேரம் போய்விடும். சட்டப் படிப்புக்கு 70 சதவீத வருகை வேண்டும். பி.எட். இன்னும் கடுமை: வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். கடையைப் பார்த்துக்கொண்டே வாரம் இரண்டு நாள் போய்வரலாம் என்ற கணக்கு இங்கே நடக்காது.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு தம்பி எங்களிடம் வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஊர். நம் ஊர்க் கடைக்காரர் ஒருவருக்கு அவருடைய தந்தை வருடா வருடம் கடுக்காய் கொண்டுவந்து கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில் கடைக்காரர் அழைத்து வந்தார். பி.எஸ்சி. முடித்திருந்தார், பி.எட். படித்து மலையிலேயே ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. கீழே இருந்து மலைக்கு வரும் ஆசிரியர் எப்போது மாறுதல் கிடைக்கும் என்றே இருப்பார், மலைக்காரனே ஆசிரியரானால் தங்குவான் என்று அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. அவருக்கு மதிப்பெண் சிக்கல் இல்லை. தினமும் மலை இறங்கி ஏற முடியாது என்பதுதான் சிக்கல். விடுதி உள்ள கல்லூரியை முதலில் தேடு, படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்றோம். உங்களுக்கும் அதையே சொல்கிறோம்.

மதிப்பெண், இடஒதுக்கீடு

பி.எட். படிப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு முதல் பட்டத்தில் 50 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் 45 சதவீதமும் கேட்கிறார்கள். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு 45 சதவீதம் இருந்தால் கவலை இல்லை. குறைந்தால் அந்த ஆண்டு அறிவிப்பில் உங்கள் பிரிவுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

2007இல் வந்த 3.5 சதவீத தனி ஒதுக்கீடு இரண்டாவது பட்டத்துக்கான சேர்க்கையிலும் உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா பிரிவினர் இதில் வருவார்கள். சாதிச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் விண்ணப்ப நாளுக்கு முன்பே திருத்தி வாங்குங்கள்.

பணம் எங்கிருந்து?

இதில் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இரண்டாவது பட்டத்துக்குக் கிடைக்காது. நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி. பல உதவித்தொகைத் திட்டங்களும் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். இது நம் நாட்டில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில்கூட ஒரு பட்டம் வாங்கியவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படிக்க, நர்சிங் போன்ற சில படிப்புகளைத் தவிர, அரசின் மாணவர் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை.

தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கல்விக் கடன் தருகிறது. அது வட்டியுள்ள கடன் என்பதால் நம் மக்களில் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஜகாத் பணத்தை ஒருவரின் இரண்டாவது பட்டத்துக்குக் கொடுக்கலாமா என்பது அவரவர் நிலையைப் பொறுத்து ஆலிம்கள் சொல்ல வேண்டிய விஷயம். அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை.

எங்கள் நிர்வாகக் குழுவில் இது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. முதல் பட்டத்துக்கே வழியில்லாத பிள்ளை வரிசையில் நிற்கும்போது, ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்குக் கொடுப்பது நியாயமா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய ஒரு தாய்க்கு நிலையான வேலை கிடைத்தால், நாளை அந்த மூன்று பிள்ளைகளும் நம் வரிசைக்கு வரமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் உண்மை.

முடிவில் இப்படித் தீர்மானித்தோம். நன்கொடை நிதி முழுவதும் முதல் பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கே. இரண்டாவது பட்டத்துக்கு அழகிய கடன், அதாவது வட்டியில்லாக் கடன் மட்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு சிறுசிறு தவணையாகத் திருப்பித் தரலாம். திரும்பி வரும் பணம் அடுத்தவருக்குப் போகும். கடன் கேட்டு வருபவர் எந்த வேலை, அந்த வேலைக்கு எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, வீட்டைப் பார்ப்பது யார் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதத் தெரியாமல் திணறினால் நாங்கள் உட்கார்ந்து உதவுகிறோம்.

வக்கீல் ஆக நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வழக்கறிஞராகப் பதிவு செய்ய முன்பு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

முப்பத்தைந்து வயதில் பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் மருமகளை, மைத்துனியை, "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்குப் படிப்பு" என்று சொல்லாதீர்கள். அவர் போகும் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டினால், அந்தப் பட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நாங்கள் சொன்ன அந்தச் சகோதரி இப்போது எம்.காம். முதல் ஆண்டு படிக்கிறார். இந்த முறை கட்டணம் கட்டும் முன் நாங்களும் அவருமாக உட்கார்ந்து விதிகளை வரிவரியாகப் படித்தோம். அவர் எம்.ஏ.வுக்காக நாங்கள் கொடுத்த தொகையைக் கடனில் சேர்க்கவில்லை. அது எங்கள் தவறுக்கு நாங்கள் கொடுத்த விலை.

மீண்டும் படிக்க நினைக்கும் சகோதர சகோதரிகள் பழைய சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். முதலில் பேசுவோம்; பிறகு விண்ணப்பம் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.