கால் எரிச்சலும் வைட்டமின் மாத்திரையும்

உள்ளங்கால் எரிச்சல், விரல்களில் மரமரப்பு, இரவில் ஊசியால் குத்துவது போன்ற வலி ஆகியவற்றால் துன்புறுவோர் நம் கிராமங்களில் பலர் உளர். கடையில் சத்து மாத்திரை வாங்கி உண்டு, மாதக்கணக்கில் குணத்தை எதிர்பார்த்திருப்போரும் உண்டு. அம்மாத்திரை எப்பொழுது பயன்படும், எப்பொழுது பயன்படாது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நரம்பின் நலத்திற்கு உணவுச் சத்து இன்றியமையாதது. 1890களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளின் கால்கள் தளர்ந்ததையும், தவிடு நீக்காத அரிசி அந்நோயைத் தீர்த்ததையும் கண்டார். தவிட்டில் இருந்த அச்சத்தே பின்னர் வைட்டமின் பி1 எனப்பட்டது. நெல்லை அவிக்கும்பொழுது இச்சத்து அரிசியின் உட்புறம் ஊறிவிடுகின்றது. ஆதலின், தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது மிகுதியாக நிற்கின்றது. மிகுதியாக மது அருந்துவோர்க்கு இச்சத்து குறைவதுண்டு.

நரம்பைக் காக்கும் மற்றொரு சத்து, 1948ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட பி12 ஆகும். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இது உண்டு. காய்கனிகளிலும் தானியங்களிலும் இல்லை. புலால் உண்ணாதார், முதியோர், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போர் ஆகியோரிடம் இது குறையக்கூடும். அதற்காக நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவர் குறையைக் கண்டறிந்து, மாத்திரையாகவோ ஊசியாகவோ பி12 அளிப்பார். காலம் தாழ்த்தினால் நரம்பு முழுதும் சீர்படாமற் போகலாம்.

குறைவினால் வந்த வலியையே சத்து தணிக்கும். நீரிழிவினால் நரம்பு கெட்டிருப்பின், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே முதற்கடமை. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம். அதற்குரிய மருந்து வேறு. மேலும், பி6 என்னும் சத்தை அளவு மீறிப் பலநாள் உண்டால், அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். ஆகவே, சத்து மாத்திரைதானே என்று இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து உண்பது தீதாகும்.

கால் மரத்த உழவர் முள் தைத்ததையும் அறியார். நீரிழிவும் உடனிருப்பின், சிறு புண்ணும் ஆறாது அழுகிக் காலையே இழக்க நேரிடும். மாத்திரையை நம்பிக் கழிக்கும் மாதங்களிலேயே இக்கேடு முற்றுகின்றது. இத்தகையோர் வெறுங்காலுடன் வயலில் இறங்கலாகாது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் நலம். கால் எரிச்சல் உடையோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் செய்யலாம். நடக்க இயலாத முதியோரை, 2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடம் தெரிவிக்கலாம். முதலில் காரணத்தை அறிவோம். மாத்திரையைப் பின்னர் நாடுவோம்.