11 பேருக்கு ஒரு ஜாகை!
ஆயாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா?

ஆரணி என்றதும் பட்டுப் புடவை ஞாபகம் வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது வேறு ஆரணி. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்.

இந்த ஆரணியில் ஒரு பெரிய குடும்பம். தாத்தா, ஆயா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரப் பிள்ளைகள் 5 பேர். ஆக மொத்தம் 11 பேர். மூத்த மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இளையவருக்குச் சொந்தமாகச் சிறு கடை.

பள்ளிக்கூடத்தில் பேச்சு கிளம்பியது. "தீம் பார்க் போய் வந்தோம்" என்று ஒரு பையன் சொன்னான். அவ்வளவுதான்! வீட்டில் 5 பிள்ளைகளும் ஒரே குரலில் பாட்டுப் பாட ஆரம்பித்து விட்டார்கள்.

"ஒரு நாள் போதாது, நைனா! ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் கடற்கரையும் பார்க்க வேண்டும்" என்றாள் மூத்த பேத்தி.

மூத்தவர் கைபேசியை எடுத்தார். அறை வாடகையைப் பார்த்தார். பேசாமல் கீழே வைத்தார்.

"என்ன அண்ணே?" என்றார் தம்பி.

"ஓர் அறைக்கு இரண்டு பேர்தானாம். நாம் 11 பேர் இருக்கிறோமே!"

ஆயா ஒரு மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். "நான் ஒருத்தி வராவிட்டால் ஒரு பாய் மிச்சம். நீங்கள் போய் வாருங்கள்" என்றாள்.

பெரிய குடும்பங்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. இடம் போதாதபோது முதலில் ஒதுங்கிக் கொள்பவர்கள் வயதானவர்கள்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் இரண்டு பேர் தங்கலாம். மூன்றாவது ஆளுக்கு ஒரு மெத்தை போட 1,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 11 பேருக்கு 4 அறை, 3 மெத்தை. அறைக்கு 12,000, மெத்தைக்கு 3,000. ஆக 15,000 ரூபாய்! அதற்கு மேல் வரி. 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். முன்பு இது 12 சதவீதம். ஆகவே இன்னொரு 750 ரூபாய். ஒரே ஓர் இரவுக்கு 15,750 ரூபாய்.

இது தூங்குவதற்கு மட்டும். பூங்கா டிக்கெட் தனி. அதற்கும் வரி உண்டு. 2017-இல் 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். சாப்பாடு தனி. இப்படிப்பட்ட பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டு போக விடுவதில்லை. மருமகள் கட்டித் தரும் புளியோதரை வண்டியிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பல பூங்காக்களில் வயதைப் பார்த்து டிக்கெட் தருவதில்லை. உயரத்தை அளந்து பார்க்கிறார்கள். 9 வயதுப் பையன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் அவன் பெரிய ஆள்! வீட்டுச் சுவரிலேயே பிள்ளைகளை நிறுத்தி அளந்து பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுவது நல்லது.

வால்ட் டிஸ்னிக்கும் வந்த தொல்லை

பூங்காவில் விளையாடலாம், படுக்க இடம் எங்கே? இந்தக் கேள்வி உலகப் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னியையே வாட்டியது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஜூலை 17-ஆம் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. கையில் இருந்த பணத்தையெல்லாம் பூங்காவிலேயே போட்டுவிட்டார் டிஸ்னி. ஓட்டல் கட்டப் பணம் இல்லை. ஜாக் ராதர் என்ற நண்பரைக் கேட்டுக் கொண்டார். அவர் தம் சொந்தப் பணத்தில் பக்கத்திலேயே ஓட்டல் கட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது.

ஆனால் நடந்தது என்ன? பூங்காவைச் சுற்றி யார் யாரோ விடுதி கட்டினார்கள். கூட்டம் வந்தது டிஸ்னியின் பூங்காவுக்கு; தங்கும் பணம் போனது அடுத்தவர் பெட்டிக்கு! அதனால் அடுத்த முறை புளோரிடா மாநிலத்தில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கிப் போட்டார்கள். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி அங்கே திறந்த பூங்காவுக்குச் சொந்த ஓட்டல்களும் கூடவே எழுந்தன. அதைப் பார்க்க டிஸ்னி உயிரோடு இல்லை. 1966-இலேயே காலமாகி விட்டார்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த 1971-லேயே ஓட்டல் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு என்று காட்டுக்குள் ஒரு கூடார முகாமும் திறந்தார்கள். சொந்தக் கூடாரத்தைக் கொண்டு வந்து அடித்துக் கொள்ளலாம். சமைத்துச் சாப்பிடலாம். பிறகு வந்த சில விடுதிகளில் குடும்ப அறை என்று ஒன்று வைத்தார்கள். அதிலும் 6 பேர்தான்! ஆரணிக் குடும்பம் அங்கே போனாலும் பாதிப் பேர் வெளியேதான் நிற்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்காவில் 2012-இல் தங்கும் விடுதி திறந்தார்கள். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவிலும் அறைகள் உண்டு.

கூடாரமா? அது நம் ஊர்ச் சரக்கு!

கூடாரம் அடித்துத் தங்குவதை ஆரணிக்காரர்களுக்கு அமெரிக்கா சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆடி பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும். பல வாரங்கள் திருவிழா. சனிக்கிழமை மாலையே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அந்த நாளில் மாட்டு வண்டி. பிறகு லாரி, பஸ், வேன். கைக்குழந்தை முதல் கொள்ளுப் பாட்டி வரை எல்லாரும் உண்டு. ஆற்றங்கரை மணலிலும் தோப்பிலும் கூடாரம் போடுவார்கள். நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், கீழே பாய். கல் கூட்டி அடுப்பு. ஞாயிறு காலை வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலை வலம் வந்து, பொங்கல் வைத்துப் படைப்பார்கள்.

அங்கே "அறைக்கு இரண்டு பேர்" என்று யாரும் சொல்வதில்லை. இடத்துக்குத்தான் கணக்கு, தலைக்குக் கணக்கு இல்லை. குடும்பத்தில் 20 பேர் இருந்தால் 20 பேரும் படுக்கலாம். நெருக்கிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். கொசுவும் உண்டு, மழையும் உண்டு. தண்ணீருக்கும் மறைவிடத்துக்கும் பெண்கள் படும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கு முன்பே நம்மிடம் சத்திரம் என்ற நல்ல ஏற்பாடு இருந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 1888-இல் வழிப்போக்கர்களுக்காகச் சத்திரம் கட்டினார். அவ்வளவு தூரம் ஏன்? பெரியபாளையம் சாலை கல்கத்தா நெடுஞ்சாலையில் சேரும் ஊரின் பெயரே ஜனப்பன்சத்திரம்! பஸ் கண்டக்டர் தினமும் அந்தப் பெயரைக் கூவுகிறார்.

இன்றும் பல கோயில் ஊர்களில் தேவஸ்தான விடுதி உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளைகள் கோயில் வளாகத்தில் நடத்தும் அறைக்கு, ஒரு நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வரி கிடையாது. ஆனால் அது சுவாமி தரிசனத்துக்கு வருபவர்களுக்கு. ராட்டினம் ஏற வந்தவர்கள் போய் அறை கேட்டால் நியாயமாக இருக்காது.

எந்தப் பூங்கா? எந்த வழி?

சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்களில் பெரும்பாலானவை தெற்கே இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்கள். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. மேற்கே, செம்பரம்பாக்கம் பக்கம், பெங்களூர் நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட். ஆரணியோ வடக்கே! இடையில் சென்னைப் பட்டணம் முழுவதும் குறுக்கே நிற்கிறது.

இங்கேதான் வெளிவட்டச் சாலை கை கொடுக்கிறது. மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் சாலை அது. நீளம் சுமார் 62 கிலோமீட்டர். ஜனப்பன்சத்திரம் வந்து, நெடுஞ்சாலையில் தெற்கே போய், வெளிவட்டச் சாலையில் ஏறினால் சென்னைக்குள் நுழையாமலே வண்டலூர் போய்விடலாம். அங்கிருந்து கேளம்பாக்கம், பிறகு திருப்போரூர். குயின்ஸ்லேண்ட் போக வேண்டுமானால் பூந்தமல்லி அருகிலேயே திரும்பி விடலாம்.

அதாவது, ஒரே பூங்காதான் பார்க்க வேண்டும் என்றால் ஜாகையே தேவையில்லை! விடியற்காலை 5 மணிக்கு ஒரு வேன் எடுத்தால், பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இரவு வீட்டுக்கு வந்து சொந்தப் பாயில் படுக்கலாம். ஆயாவும் வரலாம்.

இரண்டு நாள் தங்கியே தீர வேண்டுமா? அப்படியானால் பூங்கா வாசலில் இடம் தேடக் கூடாது. கொஞ்சம் தள்ளித் தேட வேண்டும். திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் தூரமில்லை. அங்கே சிறிய விடுதிகளும் உண்டு, பெரிய விடுதிகளும் உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலும் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அறை அறையாக எடுப்பதைவிட, முழு வீட்டையும் நாள் வாடகைக்கு எடுத்தால் பெரிய குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகும். சமையல் அறை இருக்கும். கூடத்தில் பாய் விரித்து 6 பேர் படுக்கலாம். ஆனால் எத்தனை பேர் வருகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். 8 பேர் என்று சொல்லிவிட்டு 11 பேராகப் போய் இறங்கினால் ராத்திரி நேரத்தில் வாசலில் சண்டை!

காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபம்

பலருக்குத் தோன்றாத வழி ஒன்று உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பெண் வீட்டார் அறை, மாப்பிள்ளை வீட்டார் அறை, வரிசையாகக் குளியலறைகள், பெரிய கூடம், மின்விசிறி எல்லாம் இருக்கும்.

பள்ளிக்கூட அரையாண்டு விடுமுறை எப்போது? டிசம்பர் கடைசியில். அது மார்கழி! மண்டபத்து மேனேஜரைக் கேட்டுப் பார்த்தால், ஓர் இரவுக்கு இரண்டு அறை மட்டும் தர இணங்கக் கூடும். "கல்யாணம் இல்லை, தூங்குவதற்கு மட்டும்" என்று சொன்னால் முதலில் சிரிப்பார். பிறகு வாடகை பேசுவார்.

பணம் அனுப்பும் முன்...

ஓர் எச்சரிக்கை. போலி விடுதிகள் பெருத்து விட்டன. அழகான படம், பாதி வாடகை, "உடனே முன்பணம் அனுப்புங்கள்" என்று அவசரம். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் விடுதியே இருக்காது. ஓட்டல் முன்பதிவின் பெயரால் நடக்கும் மோசடி பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. ஏமாந்தவர்கள் தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். முந்திக் கொண்டால் பணம் கை மாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு. பக்கத்தில் உறவினர் யாராவது இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வது இன்னும் மேல்.

ஆரணி வீட்டில் அன்று இரவு மறுபடியும் கூட்டம் கூடியது. இளையவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். வேன் வாடகை ஒரு பக்கம், மண்டபத்து அறை ஒரு பக்கம். மார்கழியில் போவது என்று முடிவாயிற்று. அதுவரை மாதா மாதம் இரண்டு மகன்களும் உண்டியலில் பணம் போட வேண்டும்.

"அத்தை! நீங்கள் வராமல் வண்டி கிளம்பாது" என்றாள் மூத்த மருமகள்.

"தண்ணீரில் எல்லாம் என்னை இறங்கச் சொல்லக் கூடாது. புடவையோடு விட மாட்டார்களாமே!"

"கரையில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இரு, ஆயா!" என்றான் கடைசிப் பேரன்.

ஆயா எழுந்து பரண் பக்கம் போனாள். சுருட்டி வைத்த பாய்களை ஒவ்வொன்றாக இறக்கித் தூசு தட்டினாள். எண்ணிப் பார்த்தாள். 7 இருந்தன. ஆடிக்குப் பெரியபாளையம் போகும்போது இன்னும் இரண்டு வாங்கி விட வேண்டும் என்றாள்.